நியாயமான மெயிலையும் ஸ்பாம் ஃபில்டர் தடுக்கிறது: எங்கே பார்ப்பது, யாரைக் கேட்பது?

#1 செய்திமடல்_குழு

வணக்கம். எங்கள் சங்கத்தின் மாத மடல் சுமார் 1400 உறுப்பினர்களுக்குப் போகிறது. எல்லோரும் தாங்களே பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள். சொந்த டொமைன், வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்), அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள். ஒரு குறிப்பிட்ட இணையச் சேவை நிறுவனத்தின் முகவரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மடல் சேருவதில்லை. சிலருக்கு அனுப்பியது பவுன்ஸ் ஆகிறது. சிலருக்கு அனுப்பியது திரும்புவதும் இல்லை, அவர்களுக்குக் கிடைப்பதும் இல்லை. எங்கள் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தும் பலன் இல்லை. எஸ்பிஎஃப் பதிவு (எங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்ற அறிவிப்பு) இருக்கிறது. அடுத்து எங்கே பார்க்கலாம்?

#2 போஸ்ட்மாஸ்டர்25

வணக்கம். எஸ்பிஎஃப்பை அப்புறம் பார்ப்போம். முதலில் மெயில் எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டு வேலைதான்.

பெறும் சர்வர் ஐந்து இடங்களில் மறுக்கலாம்: இணைப்பு வந்ததுமே, ஹெலோ பெயரை (அனுப்பும் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தச் சொல்லும் பெயர்) கேட்டதும், அனுப்புநர் முகவரியைக் கேட்டதும், பெறுநர் முகவரியைக் கேட்டதும், கடைசியாக உள்ளடக்கம் முழுக்க வந்ததும். இந்த ஐந்திலும் உங்கள் சர்வருக்கு நேரடியாகப் பதில் கிடைக்கும், லாக்கில் இருக்கும். ஆறாவதாக ஓர் இடம் உண்டு: 250 என்று ஏற்றுக்கொண்ட பிறகு உள்ளே நடப்பது. அது உங்கள் லாக்கில் தெரியவே தெரியாது.

தொடர்புப் பட்டியலில் சேர்த்தும் ஏன் பலனில்லை என்றால், அந்தப் பட்டியலைப் பெரும்பாலும் உள்ளடக்கத்தைப் பார்க்கும் கடைசி ஃபில்டர்தான் பார்க்கும். உங்கள் ஐபி வாசலிலேயே மறுக்கப்பட்டால் மெயிலின் 'ஃப்ரம்' வரி அந்த சர்வருக்கு வந்தே சேராது. வராத வரியைப் பட்டியலோடு ஒப்பிட முடியாது.

பதில் எண்ணின் முதல் இலக்கம் முக்கியம். 4 என்றால் தற்காலிகம், உங்கள் சர்வர் தானே மறுபடி முயலும். 5 என்றால் முடிந்தது, பவுன்ஸ் வரும். அதோடு வரும் 5.7.1 போன்ற மூன்று பகுதி எண்ணில் நடுவில் 7 இருந்தால் கொள்கை அல்லது பாதுகாப்புக் காரணம். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. அதை ஸ்பாம் தடை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பினால் உங்கள் பெயர்தான் கெடும்.

பவுன்ஸ் ஆன ஒன்று, காணாமல் போன ஒன்று, இரண்டுக்கும் லாக் வரியைப் போடுங்கள். ஐபி, பெறுநர் பெயர் இரண்டையும் மறைத்துவிடுங்கள்.

#3 செய்திமடல்_குழு

பவுன்ஸ் ஆனது: பெறுநர் முகவரி சொன்ன கட்டத்தில் 554 5.7.1, "சேவை மறுக்கப்பட்டது, 203.0.113.45 தடைப்பட்டியலில் உள்ளது" என்ற பொருளில். (ஐபி மாதிரிக்கு.)

காணாமல் போனது: 250 2.0.0, கியூ எண்ணும் (ஏற்ற மெயிலுக்கு அந்த சர்வர் தரும் அடையாள எண்) கொடுத்திருக்கிறது.

இன்னொன்று கவனித்தோம். அந்த நிறுவனத்துக்கு இரண்டு எம்எக்ஸ் (மெயில் வாங்கும் சர்வர்) இருக்கிறது, இரண்டுக்கும் முன்னுரிமை எண் 10. 554 எல்லாம் முதல் எம்எக்ஸிலிருந்து, 250 எல்லாம் இரண்டாவதிலிருந்து.

#4 போஸ்ட்மாஸ்டர்25

நல்ல கவனிப்பு, பாதி விடை அதிலேயே இருக்கு. முன்னுரிமை எண் சமமாக இருந்தால் அனுப்பும் சர்வர் இரண்டில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுக்கும். முதல் எம்எக்ஸ் தடைப்பட்டியலைப் பார்த்து வாசலில் மறுக்குது. இரண்டாவதில் அந்தச் சோதனை இல்லை, அல்லது வேறு அமைப்பு. அதனால் உள்ளே விட்டுவிட்டு உள் ஃபில்டரில் சிக்க வைக்குது. உங்கள் உறுப்பினர்கள் இரண்டு வகை இல்லை. ஒரே ஆளுக்கு இந்த மாதம் பவுன்ஸ், அடுத்த மாதம் மாயம் என்று நடக்கும்.

பெறுநர் கட்டத்தில் மறுத்ததால் அந்தப் பெறுநர் ஏதோ செய்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். காரணம் ஐபிதான். போஸ்ட்ஃபிக்ஸ் உட்படப் பல சர்வர்கள் பெறுநர் பெயர் வரும்வரை காத்திருந்தே மறுக்கும். அப்போதுதான் யார் யாருக்கு அனுப்பியது என்று அவர்கள் லாக்கில் பதியும்.

பட்டியல் பற்றி ரெஸால்வர் சொல்லட்டும், அவர் களம் அது.

#5 ரெஸால்வர்

ஐபியைத் தலைகீழாக எழுதிப் பட்டியலின் பெயருக்கு முன்னால் ஒட்டி டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களுக்கு ஐபி சொல்லும் அமைப்பு) கேட்க வேண்டும். 203.0.113.45 என்றால் 45.113.0.203, அதன் பின்னால் பட்டியலின் பெயர். விடை வராவிட்டால் பட்டியலில் இல்லை. 127 என்று தொடங்கும் விடை வந்தால் கடைசி எண்ணைப் பாருங்கள். ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் ஜென் தடைப்பட்டியலில்:

127.0.0.2: எஸ்பிஎல். ஸ்பாம் மூலம் என்று ஆய்ந்து சேர்த்தது. கொஞ்சம் கடினம்.
127.0.0.3: சிஎஸ்எஸ். அனுப்பும் போக்கும் நற்பெயரும் மோசம் என்று தானியங்கியாகச் சேர்ந்தது.
127.0.0.4 முதல் 7 வரை: எக்ஸ்பிஎல். அந்த இயந்திரத்திலோ அதன் பின்னால் உள்ள ஒன்றிலோ தீம்பொருள். சரிசெய்யாமல் நீக்கக் கேட்டால் மறுபடி ஏறும்.
127.0.0.10, 11: பிபிஎல். இது குற்றச்சாட்டே இல்லை. "இந்த ஐபி வரிசையிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது" என்ற அறிவிப்பு மட்டும். நிலையான ஐபியில் மெயில் சர்வர் நடத்துபவர் அவர்கள் தளத்தில் தானே நீக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை 8.8.8.8 போன்ற பொது ரெஸால்வர் (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர்) வழியாகச் செய்யாதீர்கள். ஸ்பாம்ஹாஸ் அதற்கு 127.255.255.254 என்று ஒரு பிழை எண்ணைத் திருப்பும். "பொது ரெஸால்வர் வழியாகக் கேட்காதே" என்பதுதான் அதன் பொருள், ஐபி பட்டியலில் இருப்பதாக அல்ல.

இங்கே மெயில் சர்வர் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எந்த விடை வந்தாலும் மறு" என்று அமைப்பு எழுதியவர், சர்வரின் ரெஸால்வரைப் பொது ரெஸால்வருக்கு மாற்றிய அன்றே உலகத்தின் எல்லா மெயிலையும் மறுக்கத் தொடங்குவார். விடை 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை இருந்தால் மட்டும் மறுக்கும்படி எழுதுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆர்எஃப்சி 5782 (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) ஒரு வழி தருகிறது: ஐபிவி4 பட்டியல் எதுவானாலும் 127.0.0.2 பட்டியலில் இருந்தாக வேண்டும், 127.0.0.1 இருக்கவே கூடாது. இரண்டையும் தினம் ஒருமுறை தானியங்கியாகக் கேட்டுப் பாருங்கள். முதலாவதற்கு விடை வராவிட்டால் ஃபில்டர் செத்துக் கிடக்கிறது. இரண்டாவதற்கு விடை வந்தால் பட்டியல் எல்லோரையும் தடுக்கிறது.

செத்துப்போன பட்டியல்களும் இதே அளவு ஆபத்து. ஓஆர்டிபி 2006 டிசம்பரில் மூடியது. அமைப்பிலிருந்து நீக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு 2008 மார்ச்சில் எல்லா ஐபிக்கும் "ஆம்" என்று பதில் சொல்லத் தொடங்கியது. சார்ப்ஸ் 2024 ஜூனில் நின்றது. இன்னும் யாராவது அதன் பெயரை அமைப்பில் வைத்திருந்தால் இன்றே எடுங்கள்.

யுசிஇபுரொடெக்ட் என்ற பட்டியலின் மூன்றாம் நிலையில் உங்கள் ஐபி வந்தால் பதற வேண்டாம். அது ஒரு ஐபியை அல்ல, அந்த வழங்குநரின் முழு ஏஎஸ் எண்ணையும் (அவருடைய மொத்த வலையமைப்பையும்) சேர்ப்பது. நீக்கப் பணம் கட்டாதீர்கள், பக்கத்து வாடகைக்காரர் ஸ்பாம் அனுப்பினால் மறுபடி அதே கதிதான். என் கருத்தில் அதை வைத்து நேரடியாக மறுக்கும் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு அநியாயம் செய்கிறது. மெயிலின் ஸ்பாம் மதிப்பெண்ணில் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவே.

#6 இன்பாக்ஸ்வாசி

காணாமல் போகும் மெயில் பற்றி ஒரு விஷயம், பெறுநர் பக்கத்துலேருந்து. அந்த உறுப்பினர்கள் பாப்3 வழியா மெயில் எடுக்கிறாங்களான்னு கேளுங்க. பாப்3 இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். ஸ்பாம் ஃபோல்டர் சர்வர்லயே கிடக்கும், மெயில் மென்பொருளில் அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு தானா அழிஞ்சிடும் (ஜிமெயிலில் 30 நாள்). அவங்களை வெப்மெயிலில் நுழைஞ்சு பார்க்கச் சொல்லுங்க. ஐமேப் (சர்வர்ல இருக்கிற ஃபோல்டர்களையே காட்டுற முறை) ஆனாலும் எல்லா ஃபோல்டருக்கும் சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கணும்.

வெப்மெயில் அமைப்புப் பக்கத்துல ஸ்பாமை என்ன செய்யணும்னு வழக்கமா மூணு தேர்வு இருக்கும்: தலைப்பில் குறியிட்டு இன்பாக்ஸுக்கே அனுப்பு, ஸ்பாம் ஃபோல்டரில் போடு, அழி. "அழி"யில் இருந்தா உடனே மாத்தச் சொல்லுங்க. தேர்வு பண்ணினது நினைவுல இல்லாதவங்க நிறைய. ஸ்பாம் ஃபோல்டரில் மடல் கிடைச்சா வெறுமனே இழுத்து இன்பாக்ஸில் போடுறதைவிட "ஸ்பாம் அல்ல" பொத்தானை அழுத்துறது நல்லது. சில இடத்துல அந்தப் பொத்தான் மட்டும்தான் ஃபில்டருக்குப் பாடம் சொல்லும்.

#7 உள்வாசல்

சேவை நிறுவனப் பக்கம் வேலை செய்பவனாக ஒரு மறுப்பு. "சத்தமில்லாமல் அழிக்கிறார்கள்" என்று எல்லோரும் திட்டுகிறார்கள். ஏற்றுக்கொண்ட பிறகு பவுன்ஸ் அனுப்பச் சொல்கிறீர்களா? ஸ்பாமில் அனுப்புநர் முகவரி போலி. பவுன்ஸ் போய் விழுவது சம்பந்தமே இல்லாத மூன்றாமவர் பெட்டியில். அப்படி அனுப்பும் சர்வரையே தடைப்பட்டியலில் சேர்ப்பார்கள்.

#8 போஸ்ட்மாஸ்டர்25

> ஏற்றுக்கொண்ட பிறகு பவுன்ஸ் அனுப்பச் சொல்கிறீர்களா?

இல்லை, ஏற்றுக்கொள்ளும் முன்பே மறுக்கச் சொல்கிறேன். உள்ளடக்கம் முழுக்க வந்த பிறகு 250 சொல்லுமுன் நிறுத்தி ஃபில்டரை ஓட்டலாம். மில்டர் (மெயில் சர்வரோடு ஃபில்டரை இணைக்கும் வழி) வழியாக ஆர்ஸ்பாம்டியோ ஸ்பாம்அசாசினோ போன்ற ஃபில்டர் மென்பொருள் பார்த்து, மதிப்பெண் மிக அதிகம் என்றால் அங்கேயே 550. மூன்றாமவருக்கு எதுவும் போகாது, ஏனென்றால் நீங்கள் பவுன்ஸ் உருவாக்கவே இல்லை. அனுப்பியவர் நல்லவர் என்றால் அவருடைய சர்வர் அவருக்கே சொல்லும். ஸ்பாம் மென்பொருள் என்றால் பதிலைக் கண்டுகொள்ளாமல் போகும். ஆர்ஸ்பாம்டியின் இயல்பு மதிப்புகளே இதற்கு ஏற்றபடிதான்: 4-ல் கிரேலிஸ்ட் (தற்காலிகமாகத் திருப்பி மறுபடி வரச் சொல்வது), 6-ல் ஹெடர் குறி, 15-ல் மறுப்பு. 6-க்கும் 15-க்கும் நடுவில் உள்ளதைத்தான் ஸ்பாம் ஃபோல்டரில் போட வேண்டும். அழிக்க வேண்டியது எதுவுமே இல்லை.

#9 உள்வாசல்

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஒரே மெயில் எங்கள் வாடிக்கையாளர் இருபது பேருக்கு ஒரே இணைப்பில் வரும். ஒவ்வொருவர் ஃபில்டர் அமைப்பும் வேறு. ஒருவர் கடுமையாக வைத்திருக்கிறார், இன்னொருவர் ஃபில்டரே வேண்டாம் என்றிருக்கிறார். உள்ளடக்கத்துக்குப் பின் எஸ்எம்டிபி (சர்வர்கள் மெயில் பரிமாறும் நெறிமுறை) தருவது இருபது பேருக்கும் சேர்த்து ஒரே பதில். 550 சொன்னால் வேண்டும் என்றவருக்கும் போகாது. 250 சொன்னால் வேண்டாம் என்றவருடையதை நாங்களே ஏதாவது செய்தாக வேண்டும்.

முதல் பெறுநரை ஏற்று, அமைப்பு வேறாக உள்ள மற்றவர்களுக்கு 452 சொல்லிப் பிறகு வரச் செய்யலாம். வேலை செய்யும், ஆனால் கடைசி ஆளுக்கு மெயில் கிடைக்க மணிக்கணக்கில் ஆகலாம். பிஆர்டிஆர் என்ற நீட்டிப்பு பெறுநர்வாரியாகப் பதில் சொல்ல விடும், எக்ஸிம் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஆதரிக்கிறது. எதிர்முனையும் ஆதரித்தால்தான் பயன்.

#10 போஸ்ட்மாஸ்டர்25

ஒத்துக்கொள்கிறேன், அது உண்மையான சிக்கல். அப்படியானாலும் தீர்வு ஸ்பாம் ஃபோல்டர்தானே தவிர அழிப்பு அல்ல. 250 என்பது "இனி இது என் பொறுப்பு" என்ற வாக்கு. ஆர்எஃப்சி 5321 அதைத் தெளிவாகவே சொல்கிறது.

இதனால் அனுப்புபவர் செய்யக்கூடிய ஒன்று: மடலை ஒரு பெறுநருக்கு ஒரு மெயிலாக அனுப்புங்கள். ஐம்பது பேரை மறைநகலில் அடுக்கி அனுப்பினால் உள்வாசல் சொன்ன சிக்கலுக்குள் நீங்களே போய் விழுகிறீர்கள். பவுன்ஸ் வந்தால் யாருக்கு என்பதும் எளிதில் புரியும்.

#11 வலைப்பின்னல்

எஸ்பிஎஃப் "இருக்கிறது" என்றால் போதாது. டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அதை மதிப்பிட 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டால் நிரந்தரப் பிழை. செய்திமடல் சேவை, ஃபார்ம் சேவை என்று ஒவ்வொன்றாக 'இன்க்ளூட்' சேர்க்கும்போது அதற்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் கணக்கில் வரும். 10 சீக்கிரம் தாண்டிவிடும்.

எஸ்பிஎஃப் சரிபார்ப்பது உறையின் அனுப்புநரை (சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரி), நாம் கண்ணால் பார்க்கும் 'ஃப்ரம்' வரியை அல்ல. இரண்டும் ஒரே டொமைனாக இருக்க வேண்டும் என்று கேட்பது டிமார்க் என்ற கொள்கைப் பதிவு.

உறுப்பினர் யாராவது வேறு முகவரியில் மடலை வாங்கி, இந்த நிறுவன முகவரிக்கு ஃபார்வர்டு போட்டிருந்தால் எஸ்பிஎஃப் அங்கே உடையும், ஏனென்றால் கடைசியில் இணைப்பது ஃபார்வர்டு செய்யும் சர்வரின் ஐபி. அதனால் டிகேஐஎம் கையொப்பம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையொப்பம்) கட்டாயம் போடுங்கள். நடுவில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாதவரை அது ஃபார்வர்டிலும் பிழைக்கும். அடியில் பொறுப்புத்துறப்பு வாசகம் ஒட்டும் சர்வர் இருந்தால் கையொப்பம் செல்லாது. சாவி 2048 பிட்டாக இருக்கட்டும். டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரம் 255 எழுத்துதான் தாங்கும், 2048 பிட் சாவியை இரண்டு மேற்கோள் சரங்களாக வெட்டிப் போட வேண்டும். சில கட்டுப்பாட்டுப் பலகைகள் இதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பதிவு போட்டபின் கேட்டுப் பார்த்து முழுதாக வருகிறதா என்று சரிபாருங்கள்.

டிமார்க்கை முதலில் 'நன்' (none, எதையும் தடுக்காதே) கொள்கையில் வைத்து, அறிக்கை வாங்கும் முகவரி கொடுத்து, சில வாரம் பாருங்கள். நேரே 'ரிஜெக்ட்' போட வேண்டாம்.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000 அனுப்புபவருக்கு மூன்றும் வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் ஹெடரும் வேண்டும். அதற்குக் குறைவாக அனுப்புபவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், சரியான பிடிஆர் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு), டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

#12 எழுத்துரு

மடல் தமிழில் என்றால் தலைப்பு வரியைப் பாருங்கள். சுயமாக எழுதிய ஸ்கிரிப்ட் பல, யூடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே தலைப்பில் போட்டுவிடும். ஆர்எஃப்சி 2047 முறையில் குறியேற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பாம்அசாசினில் அதற்கென்றே மதிப்பெண் கூட்டும் விதி இருக்கிறது. குறியேற்றிய ஒவ்வொரு துண்டும் 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஓர் எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டக்கூடாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், "கொ" என்றால் 6. பைட் எண்ணி வெட்டும் ஸ்கிரிப்ட் "கொ"வைப் பிளந்து கேள்விக்குறிப் பெட்டியாக்கும். நம்பகமான மெயில் நூலகத்தைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

#13 செய்திமடல்_குழு

எல்லோருக்கும் நன்றி. சோதித்ததில் தெரிந்தவை: ஐபி 127.0.0.10, அதாவது பிபிஎல். பிடிஆர் பதிவு விபிஎஸ் வழங்குநர் போட்ட இயல்புப் பெயரிலேயே, நடுவில் ஐபி எண்களோடு இருக்கிறது. டிகேஐஎம் இல்லை. மடல் 40 பேர் வீதம் மறைநகலில் போகிறது. தலைப்பு சரியாகவே இருக்கிறது. எதை முதலில் செய்வது? அந்த நிறுவனத்துக்கு எழுதும்போது என்ன எழுத வேண்டும்?

#14 போஸ்ட்மாஸ்டர்25

பிடிஆரை முதலில். விபிஎஸ் பலகையில் உங்கள் மெயில் சர்வரின் பெயரை வையுங்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி திரும்ப வர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் ஹெலோவில் சொல்வதும் அதே பெயராக இருக்கட்டும். எண்கள் நிறைந்த இயல்புப் பெயரை வீட்டு இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஃபில்டர்கள் நிறைய. ஐபிவி6 முகவரி இருந்தால் அதற்கும் பிடிஆர் வேண்டும். போட முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-ல் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

இது முடிந்த பிறகு பிபிஎல்லிலிருந்து நீக்கக் கேளுங்கள். பிறகு டிகேஐஎம், டிமார்க், தனித்தனி மெயில். எல்லாம் முடித்தபின்தான் நிறுவனத்துக்கு எழுதுவது. குறையோடு எழுதினால் முதல் பதிலிலேயே "பிடிஆரைச் சரிசெய்யவும்" என்று மூடிவிடுவார்கள்.

எழுதும்போது ஐபி, டொமைன், மறுப்பு வந்த நேரம் (நேர மண்டலத்தோடு), 554 வரி முழுதாக, எந்த எம்எக்ஸ், இரண்டாவது எம்எக்ஸ் ஏற்றபோது கொடுத்த கியூ எண். கியூ எண் இருந்தால் உள்ளே என்ன ஆனது என்று அவர்களால் நேராகத் தேட முடியும். இரண்டு எம்எக்ஸும் வேறுவேறு பதில் சொல்வதைத் தனிப் பத்தியாகச் சொல்லுங்கள், அது அவர்கள் சரிசெய்ய வேண்டிய குறை. போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு அனுப்புங்கள், அதே தடுக்கப்பட்ட ஐபியிலிருந்து வேண்டாம்.

#15 உள்வாசல்

உள்ளிருந்து ஒன்று சேர்க்கிறேன். வெளியாள் பத்து முறை எழுதுவதைவிட எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் புகார் பதிவது வேகமாக நகரும். இரண்டு மூன்று உறுப்பினர்களிடம் மேலே சொன்ன விவரங்களை அப்படியே கொடுத்து, அவர்கள் பெயரில் வாடிக்கையாளர் சேவையில் புகார் போடச் சொல்லுங்கள். "மெயில் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் முதல்நிலை ஆள் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வார். 554 வரியைக் காட்டினால்தான் மெயில் குழுவுக்கு வரும்.

#16 இன்பாக்ஸ்வாசி

இதோட சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி. ஓடிபி மெயில் மட்டும் பத்து, இருபது நிமிஷம் கழிச்சு வருது, அதுக்குள்ள காலாவதி. இதுவும் ஸ்பாம் ஃபில்டர்தானா?

#17 ரெஸால்வர்

பெரும்பாலும் கிரேலிஸ்ட். ஐபி, அனுப்புநர், பெறுநர் மூன்றும் சேர்ந்த கூட்டணியை முதன்முறை பார்க்கும்போது 450 சொல்லித் திருப்பும். போஸ்ட்கிரேயில் இயல்புக் காத்திருப்பு 300 விநாடி. அனுப்புபவர் பெரிய நிறுவனமாக இருந்தால் மறுமுயற்சி வேறு ஐபியிலிருந்து வரும், கூட்டணி புதிது என்று மறுபடி 450. அதனால்தான் இருபது நிமிடம். பெறும் சர்வர் முழு ஐபியைப் பார்க்காமல் முதல் 24 பிட்டை (முதல் மூன்று எண்களை) மட்டும் ஒப்பிட்டால் ஓரளவு தீரும். எஸ்பிஎஃப் தேறிய பெரிய அனுப்புநர்களுக்கு விலக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. பெறுநர் செய்யக்கூடியது, அமைப்புப் பக்கத்தில் கிரேலிஸ்ட்டை அணைக்கத் தேர்வு இருந்தால் அணைப்பது. "மறுபடி அனுப்பு" பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பழைய ஓடிபி ஒவ்வொன்றாகச் செல்லாமல் போய், கடைசியில் வந்து சேருவது எதுவும் உதவாது.

#18 செய்திமடல்_குழு

பிடிஆர் மாற்றியாயிற்று, பிபிஎல் நீக்கமும் கேட்டாயிற்று. பேசாமல் புது ஐபி வாங்கிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

#19 போஸ்ட்மாஸ்டர்25

வேண்டாம். புது ஐபிக்கு நற்பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. முதல் நாளே 1400 மெயில் கிளம்பினால் சந்தேகப்பட்டு 421 சொல்லி வேகத்தைக் குறைப்பார்கள். முந்தைய வாடகைக்காரர் விட்டுப்போன கெட்ட பெயரும் ஒட்டியிருக்கலாம். பிபிஎல் எளிதில் தீரும் விஷயம், இருக்கும் ஐபியையே வைத்துக்கொள்ளுங்கள்.

என்றாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் புது ஐபியை எல்லாப் பட்டியலிலும் முதலில் தேடிப் பாருங்கள். முந்தைய நாளே டிஎன்எஸ் பதிவுகளின் டிடிஎல்லை (பதிவை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். எஸ்பிஎஃப்பில் பழைய ஐபி, புது ஐபி இரண்டும் சில வாரம் இருக்கட்டும். முதல் மடலை, வழக்கமாகப் பதில் எழுதுகிற 50 பேருக்கு அனுப்பி, லாக்கில் 4 என்று தொடங்கும் பதில் வருகிறதா பார்த்து, நாளுக்கு நாள் இரட்டிப்பாக்குங்கள். பழைய ஐபியை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் கியூவில் உள்ள மெயில் இயல்பாக 5 நாள் வரை முயலும், அது காலியான பிறகு விடுங்கள்.